இறங்கி வராத நாரை

கூந்தன்குளத்தில் குஞ்சு பொரிக்கும் காலம் வந்தால், வீட்டுப் புறவாசல் மரத்திலிருந்து நாரைக் குஞ்சு தவறி விழுவது புதிதல்ல. கூட்டில் நிற்கும் தாயும் தகப்பனும் இறங்கி வருவதில்லை. விழுந்ததற்கு இரையும் கிடையாது. ஊர்க்காரர்களும் வனத்துறையினரும்தான் மீன் ஊட்டி அதைத் தேற்ற வேண்டும்.

தீபாவளிக்கு வெடி போட்டால் பறவை மிரளும் என்று வெடிக்காமலே இருக்கும் ஊர் இது. திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரி வட்டாரத்தில், மணிமுத்தாறு அணைத் தண்ணீரை நம்பிய குளம். 1994இல் சுமார் 129 ஹெக்டேர் பரப்பில் சரணாலயமானது. 2021இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் குளத்துக் கருவேல மரங்களில் மட்டுமல்ல, தெருவிலுள்ள மரங்களிலும் கூடு கட்டுகின்றன.

அந்த நாரையைக் கல்நெஞ்சு என்று சொல்லிவிட முடியாது. உச்சி வெயிலில் சிறகை விரித்துக் குஞ்சுகளுக்குக் குடையாக நிற்பதும் அதே பறவைதான். இரண்டு முதல் ஐந்து முட்டை, ஏறக்குறைய ஒரு மாதம் அடைகாப்பு, பிறகு இரண்டு மாதம் ஓயாமல் மீன் சுமக்கும் வேலை. இதில் ஆணுக்கும் பெண்ணுக்கும் பங்குண்டு. முதல் முட்டை இட்டதுமே அடை தொடங்கிவிடுவதால் குஞ்சுகள் நாள் இடைவெளியில் பொரிகின்றன. மீன் தாராளமாகக் கிடைத்தால் கடைக்குட்டியும் பிழைக்கும். தட்டுப்பாடு என்றால் அண்ணன்மாரோடு முண்டியடிக்க முடியாமல் முதலில் சாவது அதுதான்.

எத்தனை குஞ்சுக்கு இரை தேட முடியுமோ அத்தனை முட்டை என்பது 1947இல் பறவையியலாளர் டேவிட் லாக் சொன்ன விளக்கம். பெற்றோரின் அடுத்த ஆண்டு என்னாகும் என்ற கேள்வியை 1966இல் உயிரியலாளர் ஜார்ஜ் வில்லியம்ஸ் அதனுடன் சேர்த்தார். விடைக்கு நெதர்லாந்து ஆய்வாளர்கள் கெஸ்ட்ரல் என்னும் சிறு வல்லூறை நாடினார்கள். சில கூடுகளில் இரண்டு குஞ்சுகளைக் கூடுதலாக வைத்தார்கள். பறவைகளும் முகம் சுளிக்காமல் உழைத்தன. ஆனால் இறந்ததாகத் தகவல் கிடைத்த பெற்றோரில், கூடுதல் சுமை ஏற்றவற்றில் 60 சதவீதம் முதல் குளிர்காலத்தைத் தாண்டவில்லை. மற்றவற்றில் அது 29 சதவீதம். 1996இல் வெளியான கணக்கு இது.

வீட்டு முகட்டில் கூடு வைக்கும் சிட்டுக்குருவிக்கு, இன்றைய குஞ்சா நாளைய ஆயுளா என்ற இந்தக் கணக்கு வேறு. இரண்டு மூன்று ஆண்டு வாழ்ந்தாலே அதற்குப் பெரிய ஆயுள். ஆகவே ஒரே ஆண்டில் இரண்டு மூன்று ஈடு குஞ்சு பொரித்துவிடும். மஞ்சள் மூக்கு நாரையோ காப்பகத்தில் 28 ஆண்டு வரை இருந்திருக்கிறது. இன்னும் பல பருவம் கையிலிருக்கும் பறவை, நாயும் ஆளும் திரியும் தெருவில் இறங்கி உயிரைப் பணயம் வைக்காததில் வியப்பில்லை. அரிசோனாவிலும் அர்ஜென்டினாவிலும் சிறு பறவைகளிடம் நடந்த சோதனையிலும் இதே போக்கு தெரிந்தது: பெற்றோரைப் பிடிக்கும் பருந்தின் பொம்மையைக் காட்டியபோது, நீண்ட ஆயுளுள்ள அர்ஜென்டினாப் பறவைகளே கூட்டுக்கு வருவதை அதிகம் குறைத்துக்கொண்டன.

கூந்தன்குளத்து நாரைகளுக்குக் கணக்குத் தொடங்குவது முட்டையில் அல்ல, தண்ணீரில். குளம் பெருகினால் சுள்ளி சுமக்கத் தொடங்கும். பெருகாத ஆண்டில் சுள்ளியைத் தொடாமலே வேறு குளம் பார்த்துப் போய்விடும்.