கூந்தல் உதிர்வும் தலைத்தோல் சோதனையும்

கொச்சியில் குடியேறி வாழும் நம் குடும்பங்களில் யாருக்கேனும் தலைமயிர் உதிரத் தொடங்கினால், முதற்பழி தண்ணீர்மீதே விழுகிறது. "இவ்வூர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை" என்னும் சொல்லைக் கலூரிலும், மட்டாஞ்சேரியிலும், வாத்துருத்தியிலும் கேளாத நாள் இல்லை. எண்ணெயை மாற்றுகிறோம், சீயக்காயை மாற்றுகிறோம், ஊரிலிருந்து மூலிகைப் பொட்டலம் வரவழைக்கிறோம். உப்பும் சுண்ணாம்பும் மிகுந்த நீர் மயிரைச் சொரசொரப்பாக்கக் கூடும் என்பது மெய்யே. ஆயினும் தலையின் ஓரிடத்தை வழுக்கையாக்கும் ஆற்றல் அதற்கு இல்லை. தண்ணீரைக் குறை கூறிக் கழியும் மாதங்களில் சிலருக்குத் திரும்பப் பெற முடியாத நஷ்டம் நேர்ந்துவிடுகிறது. அதனைத் தடுக்க உதவும் ஒரு சிறு சோதனையைப் பற்றி ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருத்தல் நலம்.

முதலில் இயல்பான உதிர்வு யாது என்பதை அறிவோம். மனிதர் தலையில் ஏறக்குறைய 1 லட்சம் மயிர்கள் உண்டு. நாள்தோறும் 50 முதல் 100 வரை உதிர்வது இயற்கை. மகப்பேற்றுக்குப் பின்னரும், டைபாய்டு, டெங்கு போன்ற கடுங்காய்ச்சலுக்குப் பின்னரும், இரண்டு மூன்று மாதங்கள் கழித்துக் கைப்பிடியாக உதிர்வதும் உண்டு. சில மாதங்களில் அது பெரும்பாலும் தானே சீராகும். காசளவு வட்டமாக மயிர் உதிரும் நோயைப் புழுவெட்டு என்கிறோம். அதில் புழு எதுவும் இல்லை. நம் உடலின் காவற்படையே மயிர்க்காலைப் பகையென்று மயங்கித் தாக்குகிறது. இவற்றிலெல்லாம் மயிர்க்கால் உறங்குகிறதேயன்றி இறப்பதில்லை. ஆகவே மயிர் மீண்டும் முளைக்க இடமுண்டு.

வேறொரு வகை நோய்கள் உள. லைக்கன் பிளானோபைலாரிஸ், டிஸ்காய்டு லூபஸ் என்பன அவற்றுட் சில. இவை மயிர்க்காலை அழித்து, அவ்விடத்தில் தழும்பை நிரப்பிவிடும். தழும்பு விழுந்த இடத்தில் மருந்தினால் மயிரை மீண்டும் முளைக்கச் செய்ய முடியாது. எஞ்சிய இடத்தைக் காப்பதே மருத்துவத்தின் நோக்கம். உதிர்ந்த இடம் பளபளத்து, மயிர்த் துளைகளே காணாது போதல், அரிப்பு, எரிச்சல், மயிரடியில் செம்மை அல்லது செதில், சீழ்க்கொப்புளம், நெற்றியோர மயிரும் புருவமும் சேர்ந்து குறைதல் ஆகியவை எச்சரிக்கைக் குறிகள். இவற்றில் ஒன்று தோன்றினாலும் நாள் கடத்தாது தோல் வைத்தியரைக் காணவேண்டும்.

கலூரில் மெட்ரோ ஏறினால், மகாராஜாஸ் கல்லூரி நிலையத்தின் அருகில் எர்ணாகுளம் அரசு ஜெனரல் ஆஸ்பத்திரியும், எதிர்த்திசையில் களமசேரி அரசு மருத்துவக் கல்லூரியும் உள்ளன. அங்கே பேசும்போது ஒன்றை நினைவிற் கொள்க. நம் நூல் வழக்கில் குற்றமற்றதான 'மயிர்' என்னும் சொல், மலையாளத்தில் அவையில் சொல்லத் தகாத வசைச்சொல்லாகிவிட்டது. 'முடி' என்றே கூறுக. 'முடி கொழிச்சில்' என்றால் யாவருக்கும் விளங்கும்.

தலைமயிர் உதிரும் எல்லார்க்கும் பயாப்ஸி வேண்டியதில்லை. கண்ணால் நோக்கியும், மயிரை மெல்ல இழுத்துப் பார்த்தும், இரத்தத்தில் இரும்புச்சத்து, தைராய்டு முதலியவற்றை அளந்தும் வைத்தியர் பெரும்பாலான நோய்களை அறிந்துகொள்வார். குழந்தைகளின் தலையில் வரும் படையைச் செதில் சுரண்டிச் சோதித்தே கண்டுவிடலாம். இவற்றால் ஐயம் தீராதபோதும், தழும்பு விழும் நோயென்று சந்தேகம் எழும்போதும்தான் பயாப்ஸி எழுதப்படுகிறது. அச்சொல்லைக் கேட்டவுடன் "புற்றுநோயோ?" என்று கலங்குவோர் பலர். உயிருள்ள உடலிலிருந்து சிறு துண்டு எடுத்துக் காண்பது என்பதே அதன் பொருள். 1879-ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டுத் தோல் வைத்தியர் பெனியே அப்பெயரை வழங்கினார். இங்கே அறிய விரும்புவது, மயிர்க்கால் உயிரோடு இருக்கிறதா, அதனைத் தாக்குவது எது என்பதே.

சோதனைக்கு முன்னர் வைத்தியரிடம் சில செய்திகளைச் சொல்லவேண்டும். ஆஸ்பிரின், வார்பரின் போன்ற இரத்தம் உறையாதிருக்கும் மருந்து உண்கிறீர்களா? முன்பு பல் பிடுங்கியபோது மரப்பு ஊசி ஒத்துக்கொள்ளாமற் போயிற்றா? காயம் ஆறினால் தழும்பு தடித்து வளரும் உடம்பா? கருவுற்றிருக்கிறீர்களா? எம்மருந்தையும் தாமாகவே நிறுத்தலாகாது. இருதயத்திற்காகத் தந்த மருந்தை நிறுத்தினால் ஆபத்து நேரலாம். தலையை அலசி, எண்ணெய் தடவாமல் செல்லுங்கள். வைத்தியர் வேறு சொன்னாலொழியப் பட்டினி கிடக்க வேண்டாம். சம்மதத் தாள் மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ இருக்கும். படித்துச் சொல்லக்கூடிய ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். பொருள் விளங்காமல் கையொப்பம் இட வேண்டாம்.

வழுக்கை விழுந்துவிட்ட நடுவிடத்தில் துண்டு எடுப்பதால் பயன் குறைவு. தீ அணைந்த அடுப்பில் நெருப்பைத் தேடுவது போலாகும். தழும்பு நோயெனச் சந்தேகித்தால், நோய் இன்னும் நடமாடும் ஓரத்தில், மயிர் எஞ்சியிருக்கும் இடத்தையே வைத்தியர் தேர்ந்தெடுப்பார். அங்கே சிறிதளவு மயிரைக் கத்தரிப்பார். தலை முழுவதையும் மழிப்பதில்லை. பிறகு மரத்துப்போகும் ஊசி. முள் தைத்தாற்போலவும் எரிவது போலவும் சில விநாடி வலிக்கும். பின்னர் தொடுவதும் அழுத்துவதும் தெரியுமேயன்றி வலி தெரியாது. தலைத்தோலில் இரத்தவோட்டம் மிகுதியாதலால், இரத்தத்தைக் குறைக்கும் அட்ரினலின் அவ்வூசியில் சேர்ந்திருப்பது வழக்கம். அது வேலைசெய்யச் சில நிமிடங்கள் காத்திருப்பர்.

அடுத்து, பஞ்ச் எனப்படும் வட்டக் கத்தியைச் சுழற்றித் தோல்துண்டை எடுப்பர். அதன் குறுக்களவு பெரும்பாலும் 4 மில்லிமீட்டர். மட்டாஞ்சேரிச் சரக்குக் கடைகளில் காணும் மிளகு மணியின் அளவுதான். மயிர்க்காலின் அடி, தோலுக்குக் கீழுள்ள கொழுப்பில் புதைந்திருப்பதால் அவ்வளவு ஆழம் செல்லவேண்டும். மண்டையோட்டைத் துளைப்பதில்லை, மூளைக்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. சிலருக்கு ஒன்று, சிலருக்கு இரண்டு துண்டுகள் எடுத்து, ஓரிரு தையல் போடுவர். எல்லாம் ஏறக்குறைய அரைமணியில் முடியும். அன்றே வீடு திரும்பலாம்.

மரப்பு நீங்கியதும் சற்று வலிக்கும், பாராசிட்டமால் போதும். இரத்தம் கசிந்தால், சுத்தமான துணியால் 15 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். இடையிடையே எடுத்துப் பார்க்கலாகாது. ஒரு நாள் நனையாமல் வைத்து, பின்னர் மென்மையாகக் கழுவலாம். தையல் பிரிக்க 7 முதல் 14 நாள் ஆகும். அதுவரை தலையில் செங்கல், மணல், மூட்டை எதுவும் சுமக்கலாகாது. நாட்கூலியை நம்பியிருப்போர்க்கு இது பெருஞ்சுமையே; ஆகவே வேலை குறைந்த வாரத்தில் நாள் குறிக்குமாறு முன்கூட்டியே கேளுங்கள்; ஆனால் அதற்காகப் பல மாதம் தள்ளிப்போட வேண்டாம். வலி நாளுக்கு நாள் மிகுதல், சீழ், காய்ச்சல் இவை கண்டால் உடனே திரும்பிச் செல்க. துண்டெடுத்த இடத்தில் மிளகளவு தழும்பு நிற்கும். சுற்றிலும் மயிர் இருந்தால் அது பெரும்பாலும் வெளியில் தெரியாது.

எடுத்த துண்டு பார்மலின் திரவத்தில் சோதனைச்சாலைக்குச் செல்லும். முன்பு துண்டை மேலிருந்து கீழாகவே அறுத்துப் பார்த்தனர். அதில் சில மயிர்க்கால்களே அகப்படும். 1984-ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் ஹெடிங்டன், குறுக்காக அறுத்தால் துண்டிலுள்ள எல்லா மயிர்க்கால்களையும் ஒருங்கே எண்ணலாம் என விளக்கினார். தடித்தவை எத்தனை, மெலிந்தவை எத்தனை, உறங்குபவை எத்தனை, அழற்சி எங்கே, தழும்பு எங்கே என்பனவெல்லாம் அதனால் புலப்படும். முடிவு வர ஓரிரு வாரம் ஆகலாம். சிலவேளை அறிக்கை உறுதியாக ஒன்றையும் கூறாது. அப்போது வைத்தியர் தாம் கண்ணால் கண்டதையும் சேர்த்தே முடிவு செய்வார். சோதனை வீணாயிற்று என்று சோர்வடைய வேண்டாம்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். வேலைக்காக இரண்டு மாநிலங்களுக்கிடையே போய்வரும் நம்மவர், இங்கே தொடங்கிய சிகிச்சையை ஊருக்குப் போனதும் விட்டுவிடுகின்றனர். அங்குள்ள வைத்தியர் முதலிலிருந்து தொடங்க நேர்கிறது. பயாப்ஸி அறிக்கையை ரேஷன் கார்டோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். சோதனை எண்ணும் தேதியும் குறித்து வையுங்கள். அத்துண்டைப் பதித்த மெழுகுக் கட்டியும் கண்ணாடிச் சில்லும் சோதனைச்சாலையில் காக்கப்படும். வேறு மருத்துவரின் கருத்து தேவைப்பட்டால் அவற்றைக் கேட்டு வாங்க வழியுண்டு. மறுமுறை துண்டெடுக்கும் துன்பம் அதனால் நீங்கலாம்.

கூந்தல் வெறும் அலங்காரம், அதற்காக ஒருநாள் கூலியை இழப்பதா என்று தாய்மார்கள் எண்ணுவதுண்டு. டிஸ்காய்டு லூபஸ் உடையவர்களில் சிலருக்கு உள்ளுறுப்புகளைத் தாக்கும் லூபஸும் இருக்கலாம். தலைத்தோலே அதன் முதற்செய்தியைச் சொல்லவும் கூடும். அச்செய்தியைக் கேட்டறிய ஒருநாள் செலவிடுவது வீண்செலவாகாது.