தீன் பத்தியில் ‘கலர்’ எவ்வளவு வலுவானது? சீட்டுகளின் கணக்கும் சட்டத்தின் பார்வையும்

புது தில்லி: தீபாவளியை ஒட்டி வட மாநில வீடுகளில் பரவலாக ஆடப்படும் ‘தீன் பத்தி’ ஆட்டத்தில், பலரையும் துணிந்து பணம் கட்டத் தூண்டுவது ‘கலர்’ எனப்படும் ஃபிளஷ் ஆகும்.

பிரிட்டனின் ‘பிராக்’ ஆட்டத்தை ஒத்த இதில் ஒவ்வொருவருக்கும் மூன்று சீட்டுகள் வழங்கப்படும். மூன்றும் ஒரே சின்னத்தைச் சேர்ந்தவையாக இருந்து, வரிசையாக அமையாவிட்டால் அது கலர். பெயரைக் கொண்டு நிறத்தை மட்டும் பார்ப்பது தவறு. இரண்டு ஹார்ட்டும் ஒரு டைமண்டும் சிவப்பாக இருந்தாலும் கலர் ஆகாது.

தர வரிசையில் டிரெயில் (ஒரே மதிப்புள்ள மூன்று சீட்டுகள்), பியூர் சீக்வென்ஸ், சீக்வென்ஸ் ஆகியவற்றுக்கு அடுத்து நான்காவது இடத்தில் கலர் உள்ளது. ஜோடியையும் தனிச் சீட்டையும் அது வெல்லும். இருவரிடம் கலர் இருந்தால் பெரிய சீட்டு உடையவர் வெல்வார். அதுவும் சமமானால் அடுத்தடுத்த சீட்டுகள் ஒப்பிடப்படும். ஏஸ், ராஜா, ஜாக்கி சேர்ந்தது மிக உயர்ந்த கலர். 5, 3, 2 சேர்ந்தது மிகத் தாழ்ந்தது.

52 சீட்டுகளிலிருந்து மூன்றை 22,100 விதங்களில் எடுக்கலாம். அவற்றில் கலர் 1,096. அதாவது ஏறத்தாழ 20 ஆட்டங்களுக்கு ஒரு முறை. அதை வெல்லும் உயர் வகைகள் 820. எதிரில் ஒருவர் மட்டும் இருந்தால், அவரிடம் அத்தகைய சீட்டுகள் இருக்கும் வாய்ப்பு 4 சதவீதத்துக்கும் குறைவு. ஐவர் இருந்தால், அவர்களில் ஒருவரிடமேனும் அவை இருக்கும் வாய்ப்பு சுமார் 17 சதவீதமாக உயர்கிறது. சிறிய கலரை நம்பிப் பந்தயத்தை ஏற்றிக்கொண்டே போவோர் கவனிக்கத் தவறுவது இதைத்தான்.

ரம்மியைப் போல இதில் சீட்டை மாற்றி எடுக்க வழியில்லை; கைக்கு வந்ததே இறுதி. ஆந்திரப் பிரதேச அரசுக்கும் சத்யநாராயணாவுக்கும் இடையிலான வழக்கில் 1967-ஆம் ஆண்டு தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், ரம்மியைப் பெரும்பாலும் திறமை சார்ந்த ஆட்டமாகவும், ஃபிளஷ், பிராக் எனப் பல பெயர்களில் வழங்கும் மூன்று சீட்டு ஆட்டத்தை முற்றிலும் அதிர்ஷ்டம் சார்ந்ததாகவும் வகைப்படுத்தியது.

இணையத்தில் பணம் வைத்து ஆடும் விளையாட்டுகளைப் பொறுத்தவரை, திறமை, அதிர்ஷ்டம் என்ற இந்த வேறுபாட்டையே நாடாளுமன்றம் கடந்த 2025 ஆகஸ்டில் நிறைவேற்றிய இணையவழி விளையாட்டுச் சட்டம் நீக்கியது. இரு வகைகளையும் அது தடை செய்கிறது. அவற்றை நடத்துவோருக்கு மூன்று ஆண்டுகள் வரை சிறை, ரூ.1 கோடி வரை அபராதம் விதிக்கவும் வழி செய்கிறது.

கலர் எப்போது வரும் என்பதைக் கணக்கு முன்கூட்டியே சொல்லாது. நெடுநேரம் தோற்றவருக்கும் அடுத்த ஆட்டத்தில் அது கிடைக்கும் வாய்ப்பு அதே 5 சதவீதம்தான். விட்டதைப் பிடிக்கும் எண்ணத்தில் கடனில் சிக்கி மன உளைச்சலுக்கு ஆளானோர், மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416-ஐ எந்த நேரமும் கட்டணமின்றித் தொடர்பு கொள்ளலாம்.