நாய்க்கு உண்ணிக் காய்ச்சல்: 'நெகட்டிவ்' வந்தால் நிம்மதியாக இருக்கலாமா?

ரெண்டு நாளாகச் சாப்பிடவில்லை, உடம்பு கொதிக்கிறது, மூக்கில் லேசாக ரத்தம். திண்டுக்கல் மாதிரி வெயில் ஊரில் நாய் இப்படிச் சுருண்டு படுத்தால், மருத்துவர் முதலில் காதுக்குள்ளும் விரல் இடுக்கிலும் உண்ணி இருக்கிறதா என்று பார்ப்பார்.

காரணம், 'எர்லிக்கியா கேனிஸ்' என்ற பாக்டீரியா. பழுப்பு நிற நாய் உண்ணி கடிக்கும்போது ரத்தத்தில் கலந்து, வெள்ளை அணுக்களுக்குள் புகுந்துகொள்ளும். 1935-ல் அல்ஜீரியாவில் கண்டறியப்பட்ட இந்த நோய், 1944-லேயே தென்னிந்தியாவிலும் பதிவானது. நமக்கு இது புதுசு இல்லை.

சிக்கல் என்னவென்றால், இதை உறுதிப்படுத்த ஒரே ஒரு டெஸ்ட் போதாது.

ரத்த எண்ணிக்கை: தட்டணுக்கள் குறைந்திருந்தால் சந்தேகம் வலுக்கும். ஆனால், வேறு நோய்களிலும் அவை குறையலாம்.

ஸ்மியர்: ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது. வெள்ளை அணுவுக்குள் மல்பெரிப் பழம் போலக் கொத்தாகப் பாக்டீரியா தெரிந்தால் நோய் உறுதி. ஆனால், காய்ச்சலின் ஆரம்பத்தில், அதுவும் சில நாய்களுக்கு மட்டுமே அப்படித் தெரியும். தெரியவில்லை என்பதால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை. உண்ணி பரப்பும் இன்னொரு நோயான 'பபீசியா'வையும் இதில் பார்க்கலாம். அது பாக்டீரியா அல்ல. அதற்கு மருந்தே வேறு.

ரேபிட் கிட்: சில நிமிடங்களில் முடிவு வந்துவிடும். ஆனால், இது தேடுவது பாக்டீரியாவை அல்ல, அதை எதிர்த்து உடல் உருவாக்கிய ஆன்டிபாடியை. அது உருவாக ஒன்று முதல் நான்கு வாரம் ஆகும். அதனால் ஆரம்பத்தில் 'நெகட்டிவ்' வரலாம். குணமான பிறகும் பல மாதங்கள் 'பாசிட்டிவ்' காட்டலாம்.

பிசிஆர்: பாக்டீரியாவின் டிஎன்ஏவையே தேடும். ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே இதற்கு ரத்தம் எடுப்பது நல்லது.

அதனால்தான் அறிகுறி, தட்டணு, டெஸ்ட் முடிவு மூன்றையும் சேர்த்துப் பார்த்து மருத்துவர் முடிவெடுக்கிறார். சந்தேகம் வலுவாக இருந்தால், ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமலே 'டாக்ஸிசைக்ளின்' தொடங்குவதும் உண்டு. வழக்கமாக 28 நாள் கோர்ஸ். ஆரம்பத்திலேயே கொடுத்தால் ஓரிரு நாளில் நாய் துள்ள ஆரம்பித்துவிடும். 'சரியாயிடுச்சே' என்று பாதியில் நிறுத்துவதுதான் பெரிய தப்பு.

கவனிக்காமல் விட்டால் நோய் மாதக்கணக்கில், ஏன் வருடக்கணக்கில்கூட வெளியே தெரியாமல் பதுங்கும். பிறகு எலும்பு மஜ்ஜை பாதிக்கப்பட்டு, ரத்த அணுக்கள் உற்பத்தியே சரிந்துவிடும். அந்தக் கட்டத்தில் காப்பாற்றுவது கஷ்டம். வியட்நாம் போரின்போது அமெரிக்க ராணுவம் நூற்றுக்கணக்கான நாய்களை இந்த நோய்க்குப் பறிகொடுத்தது.

கன்னியோ, சிப்பிப்பாறையோ, லேப்ரடாரோ, எந்த நாயாக இருந்தாலும் மருத்துவரிடம் மூன்று விஷயங்களைச் சொல்லுங்கள்: உண்ணியைப் பார்த்த நாள், காய்ச்சல் தொடங்கிய நாள், ஏற்கெனவே கொடுத்த மருந்து. வீட்டில் இருக்கும் பாராசிட்டமால், ஆஸ்பிரின் எதையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள்.

உண்ணி நாய் மேல் மட்டும் இல்லை. சுவர் விரிசலிலும் முட்டையிடும். மருந்து நாய்க்கு மட்டும் போதாது, அது படுக்கும் இடத்துக்கும் வேண்டும்.