பஞ்சர் ஒட்டும் கையும் பந்தயம் மிதிக்கும் காலும்

கலிபோர்னியாவின் மரீன் கவுண்டியில், ஃபேர்ஃபாக்ஸ் என்ற சிற்றூருக்கு மேலே இருக்கும் மலையிலிருந்து ஒரு மண்பாதை இறங்குகிறது. காட்டுத்தீ பிடித்தால் தீயணைப்பு வண்டி போக வேண்டும் என்பதற்காக வெட்டிய பாதை அது. சுமார் 3 கிலோமீட்டர் தூரத்துக்குள் ஏறத்தாழ 400 மீட்டர் இறங்கிவிடும். 1976 அக்டோபர் 21 அன்று சில இளைஞர்கள் அங்கே கூடி, யார் சீக்கிரம் கீழே போய்ச் சேருகிறார்கள் என்று கடிகாரம் பிடித்துப் பார்த்தார்கள். அவர்கள் ஓட்டியவை 1930, 40களில் செய்த பழைய சைக்கிள்கள்: தடித்த பலூன் டயர், கனத்த ஃப்ரேம், பெடலைப் பின்பக்கமாக மிதித்தால் பிடிக்கிற பிரேக். அந்த பிரேக் பின்சக்கர ஹப்புக்குள்ளேயே இருக்கும். மலை உச்சியிலிருந்து அடிவாரம் வரை அதை மிதித்துப் பிடித்துக்கொண்டே வந்தால் ஹப் கொதிக்கும், உள்ளே இருக்கிற கிரீஸ் புகையாகப் போய்விடும். கீழே வந்ததும் ஹப்பைக் கழற்றித் துடைத்து, புது கிரீஸ் அடைத்து மாட்டினால்தான் அடுத்த தடவை இறங்க முடியும். இந்த 'மறுபடி அடைப்பு' வேலையை அவர்கள் ரீபேக் என்றார்கள். பாதைக்கும் அதுவே பெயராகிவிட்டது. பந்தயப் பாதை ஒன்றுக்குப் பட்டறை வேலையின் பெயர் வாய்த்தது தற்செயல் அல்ல என்பது என் கட்சி. பிழைப்புக்குச் சைக்கிள் கடையில் நின்றுகொண்டு ஓய்வு நாளில் பந்தயம் ஓட்டும் அமெச்சூர்களை, தொழில்முறை வீரர்களாக முடியாமல் தங்கிவிட்டவர்கள் என்று எண்ணுவதே வழக்கம். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. இந்த விளையாட்டின் பெரிய திருப்பங்களில் பல, கடையையும் பந்தயத்தையும் ஒருசேரத் தெரிந்தவர்களிடமிருந்து வந்தவை.

ரீபேக்கில் ஓட்டியவர்களில் ஒருவர் கேரி ஃபிஷர். பன்னிரண்டு வயதிலேயே சாலைப் பந்தயத்துக்கு வந்தவர். முடி நீளமாக வளர்த்தார் என்பதற்காக 1968இல் பந்தயத்திலிருந்து விலக்கிவைக்கப்பட்டு, நான்கு ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்தவர். சைக்கிள் கடை மெக்கானிக்காகவும் வேலை பார்த்தார். ரீபேக்கில் அவர் இறங்கிய நேரம் 4 நிமிடம் 22 விநாடி. அதை வேறு யாரும் முறியடிக்கவில்லை. அந்த வேகத்தில் எது முதலில் உடைகிறது என்று அவர் உடம்புக்குத் தெரியும். அதற்கு மாற்றாக எதைப் பொருத்தலாம் என்று அவர் கைக்குத் தெரியும். ஷ்வின் கம்பெனியின் பழைய ஃப்ரேமில் டிரம் பிரேக் வைத்தார், அதை இழுக்க மோட்டார் சைக்கிளின் பிரேக் பிடியைப் போட்டார், சாலை சைக்கிளின் கியரைக் கொண்டுவந்து மாட்டினார். மலையில் இறங்க மட்டுமே உதவிய வண்டி அதன்பிறகு மலை ஏறவும் செய்தது. இன்னொருவர் ஜோ பிரீஸ். அவரும் சாலைப் பந்தயக்காரர், ஃப்ரேம் கட்டத் தெரிந்தவர். பழைய ஃப்ரேம்கள் அடிவாங்கி முறிவதைப் பார்த்துவிட்டு, 1977இல் இந்த ஓட்டத்துக்கென்றே புதிதாக ஒரு ஃப்ரேமைக் கட்டினார். 1979இல் ஃபிஷரும் நண்பர் சார்லி கெல்லியும், டாம் ரிச்சி கட்டிய ஃப்ரேம்களை வாங்கி முழு வண்டியாக்கி விற்கத் தொடங்கினார்கள். 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலை சைக்கிள் பந்தயம் இடம்பெற்றது. ரீபேக்கின் முதல் ஓட்டத்திலிருந்து இருபதே ஆண்டு. அமெரிக்காவில் அப்போது பெரிய சைக்கிள் தொழிற்சாலைகள் இல்லாமல் இல்லை, பொறியாளர்களும் இருந்தார்கள். ஆனால் ஹப்பிலிருந்து கிளம்பிய புகை அவர்கள் மூக்கில் ஏறவில்லை. வெறும் பந்தயக்காரனாக இருப்பவன் 'பிரேக் பிடிக்கவில்லை' என்று புகார் சொல்வதோடு நின்றுவிடுகிறான். வெறும் மெக்கானிக்காக இருப்பவன், வந்த வண்டியைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து கொடுத்துவிடுகிறான். குறையும் கருவியும் ஒரே ஆளிடம் சேரும்போதுதான் வண்டி மாறுகிறது.

இத்தாலியின் துல்லியோ கம்பான்யோலோ பற்றிச் சொல்லப்படும் கதையும் இந்த வகைதான். விசென்சா நகரில் தந்தையின் இரும்புச் சாமான் கடையில் வேலை பார்த்துக்கொண்டே அமெச்சூர் பந்தயங்கள் ஓட்டியவர். அன்றைய பந்தய சைக்கிளில் பின்சக்கரத்தின் இரு பக்கமும் வேறுவேறு அளவில் பல்சக்கரங்கள் இருக்கும். மேடு வந்தால் இறங்கி, இறக்கை வைத்த நட்டுகளைத் தளர்த்தி, சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்ட வேண்டும். 1927இல் ஒரு மலைக்கணவாயில், பனியில் விரல் மரத்துப்போய் நட்டைத் திருக முடியாமல் அவர் தோற்றார் என்கிறது கதை. அப்படி ஒன்று நடந்ததா என்று ஆராய்ச்சியாளர்கள் ஐயம் எழுப்பியிருக்கிறார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கலாம். ஆனால் ஒரே நெம்பில் சக்கரத்தை விடுவிக்கும் கருவியை அவர் செய்து விற்றதும், 1933இல் தொழிலைத் தொடங்கியதும் கதையல்ல. பனி பெய்ததோ இல்லையோ, இறக்கை நட்டோடு மல்லுக்கட்டியவருக்குத்தான் அந்த நெம்புகோல் தோன்றும்.

இந்த வாதத்துக்கு என்னிடம் உள்ள மிக வலுவான சாட்சி ஸ்காட்லாந்தின் கிரேம் ஓப்ரீ. ஒரு மணி நேரத்தில் தனியொருவர் எவ்வளவு தூரம் மிதிக்க முடியும் என்பது சைக்கிள் உலகின் மிகப் பழைய கேள்விகளில் ஒன்று. 1893இல் பாரிஸில் ஆன்ரி தெக்ரான்ஜ் 35.325 கிலோமீட்டர் ஓட்டினார். பின்னாளில் டூர் டி பிரான்ஸைத் தொடங்கியவர் அவர்தான். 1972இல் எடி மெர்க்ஸ் 49.431 கிலோமீட்டர், 1984இல் பிரான்செஸ்கோ மோசர் 51.151. மோசருக்குப் பின்னால் விஞ்ஞானிகளும் பண பலமும் இருந்தன. அதை முறியடிக்க ஆசைப்பட்ட ஓப்ரீ, சைக்கிள் கடை வைத்து நொடித்துப் போனவர்; கடனாளி; சம்பளம் தரும் அணி எதுவும் இல்லாதவர். அவரிடம் இருந்தது, மிதிக்கும்போது தன் உடம்பு என்ன செய்கிறது என்பதைக் கூர்ந்து பார்க்கும் பழக்கமும், இரும்பை அறுத்து ஒட்டத் தெரிந்த கையும். நடக்கும்போதும் ஓடும்போதும் மனிதனின் பாதங்கள் நெருங்கியே விழுகின்றன. சைக்கிளில் மட்டும் பெடல்கள் ஏன் இவ்வளவு அகன்று இருக்க வேண்டும் என்று கேட்டார். பெடல்களை நெருக்கமாக வைக்க வேண்டுமானால் நடு அச்சின் கூடு மிகக் குறுகலாக இருக்க வேண்டும். அந்தக் கூட்டுக்குள் வைக்க ஒரு துணி துவைக்கும் இயந்திரத்தின் பேரிங்குகளை எடுத்துக்கொண்டார். துணி பிழியும்போது அந்த இயந்திரம் சுற்றும் வேகத்தைத் தாங்குகிற பேரிங், நிமிடத்துக்கு நூறு சுற்று மிதிக்கும் காலை எளிதாகத் தாங்கும் என்பது ஒரு மெக்கானிக்கின் கணக்கு. பெடல்கள் நெருங்கியதும் முழங்கால் மேல் பாரில் இடித்தது. மேல் பாரையே எடுத்துவிட்டார். காற்றைக் கிழிக்கக் கைகளை மார்புக்கடியில் மடக்கி வைத்து, பனிச்சறுக்கு வீரரைப் போல் குனிந்து ஓட்டினார்.

1993 ஜூலை 16 அன்று நார்வேயின் ஹாமர் நகரில் அவர் செய்த முதல் முயற்சி தோற்றது. அதற்கு அவர் ஓட்டியது, தன் வண்டியைப் பார்த்து வேறொருவர் நேர்த்தியாகச் செய்து கொடுத்த நகல். மறுநாள் காலையே இன்னொரு தடவை ஓட்டுகிறேன் என்றார். கால் இறுகிப்போகாமல் இருக்க இரவில் நிறையத் தண்ணீர் குடித்தார். சிறுநீர் கழிக்க எழும்போதெல்லாம் தசைகளை நீட்டி மடக்கித் தளர்த்தினார். காலையில் தான் கட்டிய பழைய வண்டியிலேயே ஏறி 51.596 கிலோமீட்டர் ஓட்டி, மோசரின் ஒன்பது ஆண்டுச் சாதனையைத் தாண்டினார். ஆறு நாளில் கிறிஸ் போர்ட்மன் என்ற இன்னொரு வீரர் அதைப் பறித்துக்கொண்டார். 1994 ஏப்ரலில் ஓப்ரீ 52.713 கிலோமீட்டரோடு திரும்பப் பெற்றார். அதற்குப் பிறகு சர்வதேச சைக்கிள் சங்கம் அந்தக் குனிந்த நிலையைத் தடை செய்தது. அவர் கைகளை முன்னே நீட்டி ஓட்டும் வேறொரு நிலையைக் கண்டுபிடித்து 1995இல் உலகப் பட்டம் வென்றார். பிறகு அதற்கும் தடை வந்தது. ஒருவர் யோசித்த இரண்டு நிலைகளை விலக்கி வைக்க உலகச் சங்கம் இரண்டு முறை சட்டம் எழுத வேண்டியிருந்தது என்பதை நான் தோல்விக் கணக்கில் எழுத மாட்டேன்.

இயந்திரம் மட்டுமல்ல, விதியும் கடைக்காரர் கையால் மாறியிருக்கிறது. சாலையில் கூட்டமாகப் பந்தயம் ஓட்டினால் அரசு சைக்கிளையே தடை செய்துவிடும் என்று அஞ்சி, பிரிட்டனின் சைக்கிள் சங்கம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே அதற்குத் தடை போட்டது. ஐரோப்பாவின் மற்ற நாடுகளில் ஊரே திரண்டு பந்தயம் பார்த்த காலத்தில், பிரிட்டிஷ் ஓட்டுநர்கள் விடியற்காலையில் கறுப்பு உடை அணிந்து, ஒருவர் பின் ஒருவராக இடைவெளி விட்டுக் கிளம்பி, நேரத்தோடு மட்டும் போட்டி போட்டார்கள். பெர்சி ஸ்டாலர்ட் வுல்வர்ஹாம்ப்டனில் சைக்கிள் கடைக்காரரின் மகனாகப் பிறந்தவர்; தானும் அங்கே கடை வைத்தவர். 1933இல் பிரான்சில் நடந்த உலகப் போட்டியில் அமெச்சூராக ஓட்டி, கூட்டப் பந்தயம் எப்படி இருக்கும் என்று கண்டுவந்தார். போர்க்காலத்தில் பெட்ரோல் தட்டுப்பாட்டால் சாலைகள் வெறிச்சோடிக் கிடந்தன. 1942 ஜூன் 7 அன்று வேல்ஸின் லான்கொலனிலிருந்து வுல்வர்ஹாம்ப்டன் வரை 59 மைல் பந்தயத்தை அவர் நடத்திக் காட்டினார், அதுவும் போலீஸின் ஒத்துழைப்போடு. சங்கம் அவரைத் தள்ளி வைத்தது. அந்த நவம்பரில் தனி அமைப்பு ஒன்று பிறந்தது. 1959இல் இரு தரப்பும் இணைந்தபோது சாலைப் பந்தயம் பிரிட்டனில் நிலைபெற்றுவிட்டது. சங்கத்தின் தயவில் பிழைக்காதவருக்கு அதை எதிர்க்கத் துணிவு வந்தது. ஓட்டுநர்கள் டியூபுக்கும் செயினுக்கும் வந்து போகிற கடை அவருக்கு ஆள் சேர்க்கும் இடமாக உதவியது என்று எண்ண இடமிருக்கிறது.

சைக்கிளால் வயிறு வளர்ப்பவர் எப்படி அமெச்சூர் ஆவார் என்று ஒரு கேள்வி உண்டு. கடையில் இருப்பவருக்குப் பாகங்கள் சல்லிசாகக் கிடைக்கும், வண்டி எப்போதும் சரியாக இருக்கும். மற்ற அமெச்சூர்களுக்கு இது அநீதி இல்லையா? 1880களில் இங்கிலாந்தின் சைக்கிள் கம்பெனிகள் அமெச்சூர்களுக்கு மறைவாகப் பணம் கொடுத்து ஓட வைத்ததும் உண்மைதான். ஆகவே இந்தச் சந்தேகம் காற்றில் பிறந்ததல்ல. ஆனால் அமெச்சூர் என்ற சொல்லை அன்று யார் எதற்குப் பயன்படுத்தினார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். 1879இல் இங்கிலாந்தின் ஹென்லி படகுப் போட்டி வகுத்த விதி, கூலிக்கு வேலை செய்யும் மெக்கானிக்கும் கைவினைஞரும் உழைப்பாளியும் அமெச்சூர் அல்ல என்று வெளிப்படையாகவே சொன்னது. பரிசுப் பணம் தொட்டாரா என்பதோடு நிற்கவில்லை. கை அழுக்காகிறதா என்றும் பார்த்தார்கள். அது நியாயத்தின் அளவுகோல் அல்ல, சாதி பார்ப்பதைப் போன்ற ஒன்று. அமெரிக்காவில் அதற்கு நிறமும் சேர்ந்தது. இண்டியானாபொலிஸில் கறுப்பினச் சிறுவன் மார்ஷல் டெய்லர் சைக்கிள் கடையில் வேலைக்குச் சேர்ந்து, கூட்டம் சேர்க்க ராணுவ உடையில் கடை வாசலில் வித்தை காட்டினான். 'மேஜர்' என்ற பட்டப்பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. 1894இல் அந்நாட்டின் சைக்கிள் சங்கம் கறுப்பினத்தவருக்கு உறுப்பினர் பதவி இல்லை என்றது. 1899இல் மாண்ட்ரியாலில் மேஜர் டெய்லர் உலகச் சாம்பியன் ஆனார். சங்கத்தின் கதவு சாத்தியிருந்தபோது அவருக்குத் திறந்திருந்தது கடையின் கதவு.

இன்னொரு மறுப்பு இன்னும் கனமானது. பேர் சொல்லக்கூடிய நாலைந்து பேரை எடுத்துக்காட்டிவிட்டு, எதையும் கண்டுபிடிக்காமல் ரிம்முக்குக் கோட்டம் எடுத்தே ஓய்ந்துபோன ஆயிரக்கணக்கானவர்களை மறைக்கலாமா என்பது. மறைக்கக் கூடாது. கடை வேலை பந்தயக் காலை உறிஞ்சும் வேலை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். பந்தயக்காரர்களுக்குச் சொல்லும் பழைய அறிவுரை, மிதிக்காத நேரத்தில் நிற்காதே, உட்கார் என்பது. கடைக்காரர் நாள் முழுக்க நிற்கிறார். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வெயில் தலைகாட்டியதும்தான் ஊரெல்லாம் சைக்கிளைத் தூசி தட்டி ஓவராயிலிங்குக்குக் கொண்டுவருகிறது. பந்தயப் பருவமும் அதே நேரத்தில்தான். சனிக்கிழமை கடையில் நெரிசல், ஞாயிறு பந்தயம். பட்டம் வெல்வது ஒன்றே குறி என்றால் சைக்கிள் கடையில் வேலைக்குச் சேராதே என்றே எந்த இளைஞருக்கும் சொல்வேன். ஆனால் கடையில் நின்ற எல்லாரும் கண்டுபிடிப்பாளர்கள் என்று நான் சொல்லவில்லை. கண்டுபிடிப்பு நடந்த இடங்களில் இந்த இரட்டை அறிவு திரும்பத் திரும்பக் காணப்படுகிறது என்பதே வாதம்.

அதெல்லாம் இரும்புக் குழாய் காலம், இன்று கார்பனும் காற்றுச் சுரங்கமும் கணினியும் வந்த பிறகு பட்டறைக்காரருக்கு என்ன வேலை என்பார்கள். உண்மை, துவைக்கும் இயந்திர பேரிங்கை வைத்து இன்று உலகச் சாதனை செய்ய முடியாது. அந்த அறிவின் இருப்பிடம் கடையிலிருந்து பொறியியல் கூடத்துக்கு நகர்ந்திருக்கிறது. ஆனால் அங்கேயும் ஓட்டுபவரும் செய்பவரும் ஒருவராக இருப்பதன் பலன் மாறவில்லை. பிரிட்டனின் டான் பிகாம், ஒரு பெரிய தொழில்முறை அணியில் வீரராக அல்ல, பொறியாளராகச் சம்பளம் வாங்கியவர். 2022 ஆகஸ்ட் 19 அன்று சுவிட்சர்லாந்தின் கிரென்சென் சைக்கிள் பந்தயத் தளத்தில் ஒரு மணி நேரத்தில் 55.548 கிலோமீட்டர் ஓட்டி உலகச் சாதனை படைத்தார். சரியாக 50 நாள் கழித்து அதே தளத்தில் 56.792 கிலோமீட்டரோடு அதை முறியடித்தவர் இத்தாலியின் பிலிப்போ கன்னா. கன்னா பிகாமின் அணி வீரர். அந்த ஓட்டத்துக்கு அவரைத் தயார் செய்தவர்களில் பிகாமும் ஒருவர்.