கஞ்சாவுக்கு அநுமதி தரலாமா?

2024-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் ஹிமாசலப் பிரதேசச் சட்டசபை, மருந்துக்கும் தொழிற்சாலைகளுக்கும் பயன்படும் பொருட்டுக் கஞ்சாச் செடியைக் கட்டுப்பாட்டுடன் பயிரிடலாம் என்னும் தீர்மானத்தை நிறைவேற்றிற்று. உத்தராகண்ட அரசு 2018-லேயே நாருக்காக அச்செடியைப் பயிரிட உரிமம் வழங்கத் தொடங்கிவிட்டது. தமிழ்நாட்டிலோ போலீஸார் ‘கஞ்சா வேட்டை’ என்று பெயரிட்டு, ஆந்திர-ஒடிசா எல்லை மலைகளிலிருந்து ரயிலிலும் லாரியிலும் வந்து சேரும் மூட்டைகளைப் பறிமுதல் செய்துகொண்டிருக்கிறார்கள். ஒரே மத்தியச் சட்டத்துக்கு உட்பட்ட மாநிலங்கள் ஒரே செடியின்மீது இவ்வளவு வேறுபட்ட பார்வை கொள்வது எங்ஙனம் என்று கேட்கும் வாசகர்களுக்கு, அந்தச் சட்டத்தின் அமைப்பையும் அது பிறந்த சரித்திரத்தையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். எடுத்துரைக்கும்போது என் அபிப்பிராயத்தை நான் மறைக்கப் போவதில்லை.

பெண் கஞ்சாச் செடியின் உச்சியில் கொத்துக் கொத்தாகத் தோன்றும் பூக்களில் பிசின் மிகுதியாகச் சுரக்கிறது. மனத்தை மயக்கும் டி.எச்.சி. என்ற ரசாயனப் பொருள் பெரும்பாலும் அந்தப் பிசினில்தான் இருக்கிறது. பூங்கொத்தை உலர்த்தினால் அது கஞ்சா. பிசினை மட்டும் தனியே தேய்த்தெடுத்தால் சரஸ். இலையை அரைத்துப் பாலிலும் சர்க்கரையிலும் கலந்தால் ஹோலிப் பண்டிகையன்றும் சிவராத்திரியன்றும் வடநாட்டார் அருந்தும் பாங்கு. வழக்கறிஞர்கள் என்.டி.பி.எஸ். சட்டம் என்று சுருக்கமாகக் குறிப்பிடும் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம், பூங்கொத்தையும் பிசினையும் தடைசெய்து, பூ கலவாத இலையையும் விதையையும் தன் வரையறையிலிருந்து விலக்கிவிட்டது. ஆகையால், வாராணசியில் அரசு உரிமம் பெற்ற கடையிலே பாங்கு உருண்டை வாங்குபவன் குற்றவாளி அல்லன்; அதே செடியின் பூவை ஒரு பொட்டலம் மடித்து வைத்திருப்பவன் குற்றவாளி. அதே சட்டத்தின் 10-ஆம் பிரிவு, மருத்துவத்துக்காகவும் ஆராய்ச்சிக்காகவும் இச்செடியைப் பயிரிட அநுமதிக்கும் அதிகாரத்தை மாநில அரசுகளுக்குத் தருகிறது. 14-ஆம் பிரிவு நாருக்கும் விதைக்கும் வழிவிடுகிறது. மலைநாட்டு அரசுகள் இந்த வாயில்களின் வழியாகவே நுழைகின்றன. எனவே, மருந்தையும் நாரையும் பற்றிய விவாதம் சட்டத்தளவில் ஏறக்குறைய முடிந்துபோன ஒன்று. எஞ்சி நிற்கும் கேள்வி, இன்பத்தின் பொருட்டுக் கஞ்சா புகைக்கும் மனிதனைச் சட்டம் என்ன செய்ய வேண்டும் என்பதே.

இந்தக் கேள்வியை இந்நாட்டில் ஒரு முறை மிகுந்த சிரத்தையுடன் கேட்டிருக்கிறார்கள். 1893-இல், கஞ்சாவினால் இந்திய ஜனங்கள் புத்தி பேதலித்துச் சீரழிகிறார்கள் என்றும், அதன்மீது வரி வாங்கி சர்க்கார் பிழைக்கிறது என்றும் லண்டன் காமன்ஸ் சபையில் கண்டனம் எழுந்ததன் விளைவாக, மாக்வொர்த் யங் என்பவரின் தலைமையில் ஏழு பேர் அடங்கிய விசாரணைக் குழு ஒன்றை இந்திய சர்க்கார் நியமித்தது. எழுவரில் மூவர் இந்தியர். அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் கல்கத்தாவில் முதன்முதலாகக் கூடிய அக்குழு, ஓராண்டுக் காலத்தில் மாகாணம் மாகாணமாகச் சென்று, மருத்துவர், கலெக்டர், மிஷனரி, பயிரிடுவோர், விற்போர் எனப் பலதரப்பட்ட 1,193 பேரின் சாட்சியத்தைப் பெற்று, ஏழு பாகங்கள் கொண்ட அறிக்கையை 1894-இல் சமர்ப்பித்தது. அக்காலத்தில் கஞ்சா வரிப்பணம் தரும் பயிர். வங்காளத்து நவகாமில் சர்க்காரின் கண்காணிப்பில் அது விளைந்தது. நம் வட ஆற்காட்டு ஜவ்வாது மலையிலும் அதைப் பயிரிட்டுவந்தார்கள்.

அக்குழு செய்த காரியங்களுள் என் மனத்தை மிகவும் கவர்ந்தது, பைத்தியக்கார ஆஸ்பத்திரிப் பதிவேடுகளை அது பரிசோதித்த விதமாகும். சித்தபிரமை கொண்ட ஒருவனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்போது, அவனைப் பற்றிய விவரங்களை ஒரு படிவத்தில் நிரப்பி அனுப்புவது வழக்கம். அதிலே நோயின் காரணம் என்று ஓர் இடம் உண்டு. அந்த இடத்தை நிரப்பியவர் பெரும்பாலும் மருத்துவர் அல்லர். அவனைப் பிடித்துவந்த போலீஸார், கஞ்சா குடிக்கிறவன் என்று யாரோ சொல்லக் கேட்டதை எழுதுவார்கள். காரணம் தெரியாத இடத்திலும் ஏதேனும் எழுத வேண்டுமே என்று அதையே எழுதுவதும் உண்டு. மாஜிஸ்திரேட்டு அதை அங்கீகரிப்பார். ஆஸ்பத்திரிக் குமாஸ்தா அதைப் பதிவேட்டில் பிரதி எடுப்பார். ஆண்டு முடிவில் அது புள்ளிவிவரமாகி, மேல்நாட்டுப் பத்திரிகைகளில் ஆதாரமாக அச்சேறும். 1892-இல் கஞ்சாவின் கணக்கில் எழுதப்பட்டிருந்த 222 பேரின் வரலாற்றை உற்றார் உறவினரிடம் மறுபடி விசாரிக்கச் செய்தபோது, 98 பேர் விஷயத்தில்தான் அந்தக் காரணம் ஓரளவேனும் நிலைத்தது.

மிதமாக உபயோகிப்போரில் பெரும்பாலோருக்கு உடலளவிலோ மனத்தளவிலோ ஒழுக்கத்திலோ குறிப்பிடத்தக்க கேடு காணப்படவில்லை. அளவு மீறினால் கேடு உண்டு. முழுத் தடை அவசியமில்லை. உரிமத்தாலும் வரியாலும் கட்டுப்படுத்துவதே நலம் என்பது அவர்கள் கண்ட முடிவு. தடை விதித்தால் ஜனங்கள் இதைக் காட்டிலும் கொடிய லாகிரி வஸ்துக்களை நாடக்கூடும் என்றும் அவர்கள் எச்சரித்தார்கள். அந்த முடிவுகளை இன்று அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று நான் வாதிக்கவில்லை. டி.எச்.சி. என்னும் பொருளையே விஞ்ஞானிகள் 1964-இல்தான் இஸ்ரேலில் தூய நிலையில் பிரித்தெடுத்தார்கள். இந்த அறிவு அக்குழுவினருக்கு இல்லை. வரி வாங்கும் சர்க்காருக்குத் தன் வருவாயின்மீது ஆசை இருந்ததும் உண்மை. ஆயினும், கேள்விப்பட்டதை நம்பாமல் நேரில் விசாரித்து முடிவு செய்த அந்த முறையை நான் பெரிதும் மதிக்கிறேன். பின்னாளில் சட்டம் இயற்றியவர்கள் கைவிட்டதும் அதுவே.

1961-இல் ஐக்கிய நாடுகள் சபையின் ஆதரவில் உருவான போதைப்பொருள் ஒப்பந்தம், கஞ்சாவை அபினின் வரிசையில் கொண்டுபோய் வைத்தது. பூ கலவாத இலைக்கு அவ்வொப்பந்தத்தின் வரையறையில் விலக்குக் கிடைத்தது. கஞ்சாப் பழக்கம் வேரூன்றிய நாடுகள் அதை ஒழிப்பதற்கு 25 ஆண்டு அவகாசமும் கிடைத்தது. அந்த அவகாசம் முடியும் தறுவாயில், ஹெராயின் பரவிய அச்சத்தின் நடுவே, 1985-இல் சில வாரங்களுக்குள் புதிய சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறி, அவ்வாண்டு நவம்பர் 14-ஆம் தேதி அமலுக்கு வந்தது. ஹெராயினுக்கென்று கூர் தீட்டிய வாள் கஞ்சாவின்மீதும் விழுந்தது. சொந்த உபயோகத்துக்கான சிறிதளவு தவிர, கஞ்சாவுக்கு ஐந்தாண்டு வரையும், சரஸ் முதலியவற்றுக்குப் பத்தாண்டுக்குக் குறையாமலும் கடுங்காவல் என்றிருந்ததை, 2001-இல் அளவுக்குத் தக்க தண்டனையாகத் திருத்த வேண்டியதாயிற்று.

இன்றைய நிலை இது. ஒரு கிலோவுக்குக் குறைவாக இருந்தால் அது சிறிதளவு. ஓராண்டு வரை சிறையோ, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். இருபது கிலோவுக்கு மேற்பட்டால் அது வணிக அளவு. பத்தாண்டு முதல் இருபதாண்டு வரை சிறை. இரண்டுக்கும் நடுவே பத்தாண்டு வரை. கையில் ஒன்றும் அகப்படாமல் புகைத்தது மட்டும் ருசுவானாலும், 27-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை உண்டு.

ஒரு ‘கஞ்சா கேஸ்’ எப்படி உருவாகிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். பஸ் நிலையத்தருகே சந்தேகத்தின் பேரில் ஒருவனை நிறுத்துகிறார்கள். கெசட்டட் அதிகாரியின் முன்போ மாஜிஸ்திரேட்டின் முன்போ சோதிக்கப்படும் உரிமை உனக்கு உண்டு என்று, 50-ஆம் பிரிவு கேட்டுக்கொள்ளும் சொற்களை அவனிடம் சொல்லி எழுதி வாங்குகிறார்கள். பையை அவிழ்த்து, தராசில் நிறுத்து, மகஜர் எழுதி, சாட்சிகளின் கையெழுத்தைப் பெறுகிறார்கள். பின்னர் மாதிரி எடுத்து முத்திரையிட்டுத் தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். தராசில் ஏறுவது பூ மட்டுமன்று. காம்பும், விதையும், இலையும், செடியின் ஈரமும் சேர்ந்தே ஏறுகின்றன. அவற்றைப் பிரித்து நிறுத்தார்களா என்பதன் பேரில் வக்கீல்கள் நியாயஸ்தலங்களில் நெடுநேரம் வாதாடுவதற்குக் காரணம் இருக்கிறது. முள் இருபதைத் தாண்டாமல் நின்றால் எவ்வளவு குறைவாகத் தண்டிப்பது என்பது நீதிபதியின் விவேகத்தில் அடங்கியது. இருபதைத் தாண்டிவிட்டால் பத்தாண்டுக்குக் கீழே இறங்க அவருக்கே அதிகாரமில்லை. அதன் பிறகு ஜாமீன் கிடைக்க வேண்டுமானால், குற்றம் செய்யாதவன் என்று நம்ப நியாயமுண்டு என்ற திருப்தி விசாரணை முடியுமுன்பே நீதிபதிக்கு உண்டாக வேண்டும். கூலிக்கு மூட்டை சுமந்து வந்தவன் அந்தத் தராசின் முன் நிற்கிறான். மூட்டைக்குச் சொந்தக்காரன் அதனோடு பிரயாணம் செய்வதில்லை.

இவ்வளவு சொன்னதனால் கஞ்சா கேடற்றது என்று யாரும் எண்ணிவிடலாகாது. அந்த எண்ணம் நம் இளைஞர்களிடையே பரவி வருவதைக் கண்டு நான் உண்மையாகவே அஞ்சுகிறேன். ஸ்வீடன் நாட்டில் ராணுவப் பயிற்சிக்கு அழைக்கப்பட்ட 45,000-க்கும் மேற்பட்ட இளைஞர்களைப் பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 1987-இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. ஐம்பது முறைக்கு மேல் கஞ்சா உபயோகித்திருந்தவர்களுக்கு, உபயோகிக்காதவர்களைப் போல ஆறு மடங்கு அளவில் மனச்சிதைவு நோய் கண்டதை அது தெரிவித்தது. கஞ்சாவே நோயை உண்டாக்கிற்றா, நோய்க்கு இலக்காகும் இயல்புள்ளவர்கள் கஞ்சாவை நாடினார்களா என்பது பற்றி வாதங்கள் உண்டு. எனினும், பதின்பருவத்தில் தொடங்குவோருக்கும், வீரியம் மிக்க சரக்கை நாள்தோறும் உபயோகிப்போருக்கும் அபாயம் அதிகம் என்பதைப் பிற்கால ஆராய்ச்சிகளும் உறுதி செய்கின்றன. மேல்நாட்டுச் சந்தையில் இன்று விற்கும் கஞ்சாவின் வீரியம் முப்பது ஆண்டுகளுக்கு முன் இருந்ததைப் போலப் பன்மடங்கு. எய்ம்ஸ் மருத்துவமனை மத்திய அரசுக்காக நடத்தி 2019-இல் வெளியிட்ட கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் ஓராண்டுக்குள் பாங்கு, கஞ்சா, சரஸ் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றை உபயோகித்தவர்கள் ஏறக்குறைய 3.1 கோடிப் பேர். அவர்களுள் 72 லட்சம் பேருக்கு அப்பழக்கத்தினின்று மீள உதவி தேவைப்படுகிறது. 72 லட்சம் குடும்பங்களின் துயரத்தைச் சிறிது என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

அயல்நாடுகளின் அநுபவமும் ஒரு தன்மையாக இல்லை. போர்த்துக்கல் 2001-இல், சொந்த உபயோகத்துக்காகப் பத்து நாள் அளவுக்குள் வைத்திருப்போரைக் குற்றவியல் நீதிமன்றத்துக்கு அனுப்புவதை நிறுத்தி, ஆலோசனைக் குழுவிடம் அனுப்பலாயிற்று. விற்பனை இன்றும் அங்கே குற்றமே. கனடா 2018 அக்டோபரில் கடைகளையே திறந்தது. ஜெர்மனி 2024 ஏப்ரலில் பெரியவர்கள் வீட்டில் மூன்று செடி வளர்க்க இடம் தந்ததே தவிர, கடை வைக்க இடம் தரவில்லை. எல்லாவற்றிலும் நம் கவனத்துக்குரியது ஆசிய நாடாகிய தாய்லாந்தின் கதை. 2022 ஜூனில் கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து அவ்வரசு நீக்கிற்று. அதை ஒழுங்குபடுத்தும் சட்டமோ தயாராகவில்லை. தெருவுக்குத் தெரு, ஆயிரக்கணக்கில், கடைகள் முளைத்தன. மூன்றே ஆண்டுகளில், 2025 ஜூனில், மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கலாகாது என்று அரசு பின்வாங்க வேண்டியதாயிற்று. அதற்குள் கடைகளில் முதலீடு செய்திருந்தவர்கள் தெருவில் நின்றார்கள்.

தமிழ்நாட்டாருக்கு இந்தப் பாடம் புதிதன்று. 1937-இல் ராஜாஜி சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1971-இல் தளர்ந்தது. இடையே மூடுவதும் திறப்பதுமாக இருந்து, 2003 முதல் அரசு நிறுவனமான டாஸ்மாக்கே சில்லறைக் கடைகளை நடத்துகிறது. ஆட்சிக்கு வந்த கட்சிகள் கடைகளைக் குறைப்பதாக வாக்களித்ததையும், கஜானாவின் தேவை அவர்கள் கையைக் கட்டியதையும் நாம் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். கடையைத் திறப்பது ஓர் அரசாணையால் ஆகிவிடும். வருவாயில் பழகிவிட்ட அரசு அதை மூடுவதற்கு ஒரு தலைமுறை போதவில்லை. மதுவால் இத்தனை துன்பம் அநுபவித்த சமூகத்தில், லாபத்தை நாடும் வணிகமாகக் கஞ்சாக் கடை வருவதை நான் எதிர்க்கிறேன். மதுவை விற்கும் அரசு கஞ்சாவை மட்டும் தடுப்பது நியாயமா என்று கேட்பவர்கள் உண்டு. தர்க்கரீதியாக அக்கேள்வியில் வலு இருக்கிறது. ஆனால் ஒரு தவற்றைச் சரிசெய்ய இயலாதிருப்பது, இன்னொன்றைச் செய்வதற்கு நியாயம் ஆகாது.

அதே உறுதியுடன் மற்றொன்றையும் சொல்ல வேண்டும். தன் உபயோகத்துக்காகச் சிறிதளவு வைத்திருந்த இருபது வயது இளைஞனைச் சிறைக்கு அனுப்புவதால் அவன் பழக்கமும் தீரவில்லை, விற்றவனின் வியாபாரமும் குறையவில்லை. வேலைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் போலீஸ் விசாரணை வரும்போதெல்லாம் அந்த வழக்கு அவனைத் துரத்துகிறது. ஆகவே, 27-ஆம் பிரிவிலுள்ள ஆறு மாதச் சிறையும், ஒரு கிலோவுக்கு உட்பட்ட சொந்த உபயோகத்துக்கான சிறைத் தண்டனையும் நீங்க வேண்டும்; விற்பனைக்கான தண்டனை நிலைக்க வேண்டும். 2020 டிசம்பரில் ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள் ஆணையம், மிக அபாயகரமானவற்றின் பட்டியலிலிருந்து கஞ்சாவை 27-க்கு 25 என்ற வாக்குகளில் நீக்கியபோது, நீக்கத்துக்கு ஆதரவாக வாக்களித்த நாடுகளுள் இந்தியாவும் ஒன்று. சர்வதேச சபையில் காட்டிய நிதானத்தை நம் பாராளுமன்றம் சொந்தப் பிரஜைகளிடமும் காட்டட்டும். அதற்கு முதற்படியாக, மருத்துவரும் நீதிபதியும் மட்டுமின்றி, பழக்கத்தால் பாதிக்கப்பட்ட குடும்பத்தாரும் மலைக்கிராமத்து விவசாயியும் சாட்சி சொல்லக்கூடிய ஒரு விசாரணைக் குழுவை அது நியமிக்க வேண்டும்.

சட்டம் மாறும் வரையில் பெற்றோர் அறிய வேண்டியது ஒன்று உண்டு. பழக்கத்துக்கு அடிமையாகிச் சிறிதளவு வைத்திருந்ததாகவோ உபயோகித்ததாகவோ குற்றம் சாட்டப்பட்டவர், அரசு அங்கீகரித்த இடத்தில் தாமாக முன்வந்து சிகிச்சை பெற்றால், 64-ஏ பிரிவின்படி வழக்கிலிருந்து விலக்குக் கோரலாம். சிகிச்சையை முழுமையாக முடிக்க வேண்டும் என்பது நிபந்தனை. இப்பழக்கத்தினின்று மீள வழி கேட்போருக்காக மத்திய அரசு நடத்தும் இலவசத் தொலைபேசி எண் 14446.