முதலில் மதிப்பெண் தாள், பிறகு பதிவு

நேர்காணலைப் பதிவு செய்து மதிப்பெண் போட எந்த மென்பொருள் வாங்கலாம் என்று, தொழில் நடத்தும் நண்பர்கள் என்னிடம் கேட்பதுண்டு. கோவையில் பம்புசெட் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில் ஆள் எடுக்கும் பொறுப்பு என்னுடையது. நான் அவர்களிடம் முதலில் கேட்பது, "உங்க மதிப்பெண் தாளைக் காட்டுங்க." பெரும்பாலும் இருக்காது. பயோடேட்டா ஓரத்தில் 'நல்ல பையன்', 'பார்க்கலாம்' என்று பேனாவால் கிறுக்கியிருப்பார்கள். என்ன விலை கொடுத்து மென்பொருள் வாங்கினாலும் அந்த 'நல்ல பையன்'தான் கணினியில் ஏறும்.

தாள் என்றால் ஒரே ஒரு பக்கம். சி.என்.சி. ஆபரேட்டர் வேலைக்கு எங்கள் தாளில் ஐந்து கேள்விகள்; வருகிற எல்லோருக்கும் அதே ஐந்து, அதே வரிசை. ஒன்று செய்முறை: பம்பு ஷாஃப்ட் ஒன்றையும் மைக்ரோமீட்டரையும் கையில் கொடுத்து அளக்கச் சொல்வோம். இன்னொன்று: "ராத்திரி ஷிப்ட். ஒரு பீஸ் அளவு தப்பி வந்திருச்சு. சூப்பர்வைசர் பக்கத்துல இல்லை. என்ன செய்வீங்க?" ஓட்டிக்கொண்டே இருந்து காலையில் சொல்வேன் என்றால் 1. மெஷினை நிறுத்திவிட்டுக் காத்திருப்பேன் என்றால் 3. நிறுத்தி, அதற்கு முன்னால் வந்த பீஸ்களையும் தனியே எடுத்து அளந்து, டூல் தேய்ந்திருக்கிறதா என்று பார்ப்பேன் என்றால் 5. எந்தப் பதிலுக்கு எத்தனை என்பது தாளிலேயே அச்சாகியிருக்கும். கேட்பவருக்கு அன்றைக்குத் தலைவலியாக இருந்தாலும், வந்தவர் அவருடைய ஊர்க்காரராகவே இருந்தாலும் மதிப்பெண் மாறக் கூடாது.

இது பழைய பாடம்தான். 1950களில் இஸ்ரேல் ராணுவத்தின் நேர்காணல் முறையைத் திருத்தி அமைத்த டேனியல் கானமன் (2002-இல் பொருளாதார நோபல் பெற்றவர்), ஆறு குணங்களுக்குத் தனித்தனியே மதிப்பெண் வைத்தார். ஒன்றுக்குப் போட்டு முடித்த பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும். பழைய முறையைவிட அது ஆட்களைச் சரியாகக் கணித்தது. 2022-இல் உளவியலாளர் பால் சாக்கெட் குழுவினர், ஆள் தேர்வு முறைகள் பற்றிய பல ஆண்டு ஆய்வுகளை மறுபடி கணக்கிட்டுப் பார்த்தபோதும், எல்லோருக்கும் ஒரே கேள்வி, முன்பே வகுத்த மதிப்பெண் என்ற நேர்காணல் முறைதான் முதலிடத்தில் நின்றது.

அப்படியானால் பதிவு எதற்கு? சான்றுக்கு. அஜய் ஹாசியா வழக்கை எச்.ஆர். வேலையில் இருக்கிற ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். ஸ்ரீநகர் மண்டலப் பொறியியல் கல்லூரிச் சேர்க்கையில் 150 மதிப்பெண்ணில் 50 நேர்காணலுக்கு. ஒரு மாணவருக்கு இரண்டு மூன்று நிமிடம்தான் கொடுத்தார்கள் என்பது புகார். நேர்காணலுக்கு 15 சதவீதத்துக்கு மேல் ஒதுக்குவது தன்னிச்சையானது என்று சொன்ன உச்ச நீதிமன்றம், நேர்காணலை டேப்பில் பதிவு செய்வது நல்லது என்றும் சேர்த்துச் சொன்னது. என்ன கேட்டார்கள், என்ன பதில் வந்தது என்பது அப்போதுதான் பிற்பாடு தெரியும். கல்லூரி வழக்குதான்; ஆனால் பதிவு பற்றிய அந்த நியாயம் வேலைக்கும் பொருந்தும்.

குரல் பதிவே போதும் என்பது என் தீர்மானமான கருத்து. வீடியோ வந்தால் நிறம், சட்டை, பின்னால் தெரிகிற வீட்டுச் சுவர் எல்லாம் சேர்ந்து வந்துவிடும்.

வருஷத்துக்குப் பத்துப் பேர் எடுக்கிறவர்களுக்கு ஒரு எக்ஸெல் ஷீட் தாராளம். அதற்கு மேல் வாங்கத்தான் வேண்டும் என்றால் விற்பவரிடம் இரண்டைச் செய்து காட்டச் சொல்லுங்கள். ஒருவர் தன் மதிப்பெண்ணைப் பதிந்து முடிக்கும் வரை மற்றவர் போட்டது அவர் கண்ணில் படக் கூடாது. ஜெனரல் மேனேஜர் 5 போட்டது திரையில் தெரிந்தால் எந்த சூப்பர்வைசரும் 2 போடத் துணிய மாட்டார். அடுத்தது, பேச்சை எழுத்தாக்கும் வசதி. அமைதியான அறையில் பேசிய ஆங்கிலத்தை ஓட்டிக் காட்டுவார்கள். நீங்கள் உங்கள் பட்டறைப் பேச்சைக் கொடுங்கள். கொங்குத் தமிழுக்கு நடுவே 'டூல் ஆஃப்செட்' என்று வருவது எழுத்தில் எப்படி வருகிறது என்று வரிக்கு வரி பாருங்கள்.

முகத்தைப் பார்த்து மெஷினே மதிப்பெண் போடும் என்று யாராவது விற்க வந்தால், வாங்காதீர்கள். ஜெர்மனியின் பவேரிய ஒலிபரப்பு நிறுவனச் செய்தியாளர்கள் 2021-இல் அப்படியொரு மென்பொருளைச் சோதித்தார்கள். கண்ணாடி போட்டால் ஒரு மதிப்பெண். பின்னால் புத்தக அலமாரி இருந்தால் வேறு மதிப்பெண். இந்தத் துறையின் பெரிய நிறுவனமான ஹயர்வியூ, முகத்தை ஆராய்வதைக் கைவிட்டதாக அதே ஆண்டு ஜனவரியில் அறிவித்தது. பணியிடத்தில் உணர்ச்சிகளைக் கணிக்கும் மென்பொருளுக்கு, மருத்துவ, பாதுகாப்புக் காரணங்கள் தவிர, ஐரோப்பிய ஒன்றியம் 2025 பிப்ரவரி முதல் தடை விதித்திருக்கிறது. கிராமத்திலிருந்து முதன்முதலாக ஒரு ஏ.சி. அறைக்குள் வந்து உட்காரும் ஐ.டி.ஐ. பையனின் பதற்றத்தை, வேலை தெரியாததாக மெஷின் எழுதிவிடக் கூடாது.

பதிவு செய்தால் முன்கூட்டியே சொல்லி ஒப்புதல் வாங்குங்கள். அழிக்கும் தேதியையும் அப்போதே சொல்லிவிடுங்கள். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், செயற்கை நுண்ணறிவால் அலசப்படும் வீடியோ நேர்காணலுக்கு 2020 முதல் இதற்கென்றே சட்டம் இருக்கிறது: விண்ணப்பித்தவர் கேட்டால் 30 நாளுக்குள் வீடியோவை அழித்தாக வேண்டும். 2023-இல் நம் நாட்டில் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் ஒப்புதலைத்தான் முன்னிறுத்துகிறது.

நேர்காணலுக்குப் போகிற தம்பி தங்கைகளுக்கு: மேஜை மேல் போன் பதிவாகிக்கொண்டிருந்தால், "சார், இதை யார் கேட்பாங்க? எத்தனை நாள் வெச்சிருப்பீங்க?" என்று தயங்காமல் கேளுங்கள். அப்படிக் கேட்டதற்காக எங்கள் தாளில் மதிப்பெண் குறையாது.