வெள்ளிடைமலையும் புத்தாக்கமும்

திருகோணமலைத் துறைமுகப் பகுதியில் மாமூடை ஏற்றும் லொறிகளின் தளத்தில், ஈரம் படாதிருக்கப் படங்கு விரிப்பது வழமை. அதற்கு ஈடாக, தளத்தின் மேடுபள்ளங்களுக்கு இயைய வார்த்த பிளாஸ்ரிக் விரிப்பொன்றை ஆக்கிய ஒருவர் ஆக்கவுரிமை கோரின், அது வழங்கத்தக்கதோ? பொருள் புதியதாயிருத்தல் மட்டும் போதாது. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, அத்துறையிற் சாதாரண திறன் படைத்தவனுக்கு அது வெள்ளிடைமலையாய்த் தோன்றாததாகவும் இருத்தல் வேண்டும்.

விடையறிந்த பின் எவ்விடுகதையும் எளிதன்றோ? ஆதலின் நீதிபதி, விண்ணப்ப நாளுக்கு முற்பட்ட வினைஞனின் இடத்தில் நின்று, அன்று அறியப்பட்டிருந்தவற்றைக் கொண்டே நோக்குதல் வேண்டும். மறுபுறம், பட்டறையில் நாள்தோறும் நிகழும் திருத்தங்களுக்கெல்லாம் உரிமை வழங்கின், தொழிலாளர் தம் தொழிலுக்கே பிறரிடம் இசைவு கேட்க நேரும். பாத்திரம் கடையும் சாதனம் பற்றிய வழக்கில், வெறும் பட்டறைத் திருத்தம் புத்தாக்கமாகாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1978இல் தீர்ப்பளித்தது.

நன்கு விற்பனையாதல் சான்றாகுமோ? அமெரிக்காவில் மக்னீல் நிறுவனத்தின் வாகனத் தரைத்தட்டு ஒன்றினை, பழைய பத்திரங்களை இணைத்து நோக்கின் வெளிப்படையானதே எனக் கண்ட ஆக்கவுரிமைச் சபை, அதன் வணிக வெற்றியைக் கருதி உரிமையை நிலைநிறுத்தியது. மேன்முறையீட்டு நீதிமன்றம் 2023இல் அதனை மாற்றியது. வெற்றிக்குக் காரணமாகக் காட்டப்பட்டது, தரையோடு நெருங்கிப் பொருந்தும் இயல்பு; அதுவோ முன்னைய பத்திரமொன்றிலேயே உள்ளது. நம் லொறி விரிப்பின் உரிமையாளரும், விற்பனைக் கணக்கை நீட்டுமுன், வாங்குவோரை ஈர்த்தது தாம் புதிதாய்ச் சேர்த்த கூறுதானா என்பதைக் காட்டல் வேண்டும்.